சிவப்பின் மேல் நீலம்

சத்யபிரியா ஆறு வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்தது ஒரு விலகல். குரோமியப் பரப்பின் மேல், காந்தம் பூசிய ஊசியைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தி, வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் எட்டு மாதம் தவங்கிடந்து எடுத்த படம். காந்தத்தின் அலைக்குச் சிவப்புக் கோடு, மின்னூட்டத்தின் அலைக்கு நீலக் கோடு. ஒரு சிவப்பு அலைக்கு இரண்டு நீல அலை. இரண்டும் பின்னிக் கிடந்தாலும், நீலம் சிவப்பின் மேல் உட்காராமல் ஒரு நூல் தள்ளியே நின்றது. உட்காரும் என்றுதான் பெரியவர்கள் எல்லாரும் எழுதிவைத்திருந்தார்கள். இல்லை என்பதுதான் அவள் ஆய்வேடு.

அது 2003. வண்ணம் சுத்தமாக விழ வேண்டுமென்றால் கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கிறவர்களை விட்டால் ஆளில்லை. அங்கே கொடுத்தாள். அச்சான தாள் நேரே பைண்டிங்குக்கும், பைண்டிங்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டது. நெறியாளர் செல்லத்துரைக்கு ஜூனில் ஓய்வு. அவர் அவசரம் அவருக்கு. வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள்தான் சத்யபிரியா தன் பிரதியைப் புரட்டினாள். நீலம் சிவப்பின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

அச்சகத்துக்கு ஓடினாள். "அண்ணாச்சி, என் படத்த என்ன செஞ்சீங்க?"

மெஷின்மேன் இசக்கிபாண்டி கையைத் துடைத்தபடி வந்தார். "நீங்க குடுத்ததுல கலரு சேரவே இல்ல டீச்சர். அப்படியே அடிச்சா அச்சாபீசு பேரு என்னாவுறது? நீலப் பிளேட்ட நகத்தி உக்கார வச்சிட்டேன். முப்பது வருசமா நான் அடிச்ச தீப்பெட்டிக் கிளிக்கு மூக்கு வெலகுனதில்ல."

"அது வெலகித்தான் இருக்கணும் அண்ணாச்சி."

"வெலகுனா அது பிழைல்லா," என்றார் அவர், பரிவோடு.

அங்கிருந்து நெறியாளரிடம் ஓடினாள். செல்லத்துரை அந்தப் படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். "இப்பத்தானம்மா லெச்சணமா இருக்கு. தேர்வாளர் அறிக்கையில, ரெண்டு அலையும் பொருந்துறத ஐயமற நிறுவிட்டாள்னு எழுதியிருக்காவ. அவியளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு?"

உள்ளே இருநூறு பக்கமும் பொருந்தவில்லை என்றே கதறிக்கொண்டிருந்தன. தேர்வாளர் படம் பார்த்ததோடு சரி.

மறுநாள் வாய்மொழித் தேர்வில் அவள் மூலப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "அச்சுல தப்பு நடந்துட்டு சார். அலைங்க பொருந்தல. அதான் என் முடிவு."

தேர்வாளர் நாடறிந்த அறிஞர். போன ஊரிலெல்லாம் சால்வை வாங்கியவர். கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ என் அறிக்கை தப்புங்கிறீங்களா?"

அறையில் முந்திரி கடிக்கும் சத்தம் நின்றது.

"பிள்ள பயந்துட்டா சார்," என்றார் செல்லத்துரை.

அறிஞர் பெருந்தன்மையானவர். அவளை மன்னித்தார். "பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு சின்னத் திருத்தம். படத்துக்கு ஒத்துவர்ற மாதிரி எழுத்தை மாத்திக் குடுத்துருங்க."

கைதட்டினார்கள். மாலையைப் போட்டார்கள்.

மறுவாரம் துறைக் கணினியில் உட்கார்ந்து, தள்ளி நின்ற வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பொருந்தி நிற்க வைத்தாள். அளவீட்டு அட்டவணைகள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. அவற்றை என்ன செய்வதென்று செல்லத்துரையிடம் போய்க் கேட்டாள்.

"எடுத்துரும்மா," என்றார் அவர், தன் பிரிவுபசார அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் வரவேண்டிய பட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டே. "அத யாரு பாக்கா."

எடுத்தாள்.