காரணம் என்ற கட்டத்தில் ஒரு வரி

பின்லாந்திலிருந்து ஒரு பெண் உங்களைத் தேடி வருகிறாள் என்று சென்னை வக்கீலம்மா ஒரு வாரம் முன்பே போனில் சொல்லியிருந்தார். இருந்தும், வாசலில் கார் வந்து நின்றதும் கொளஞ்சியப்பன் நாற்காலியை விட்டு உடனே எழவில்லை. இறங்கியவளுக்கு நாற்பது வயதிருக்கும். நிறமும் முகவெட்டும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள்தான். பேச்சும் நடையும் வேறு. பெயர் ஐனோ. எட்டு மாதக் குழந்தையாக இந்த ஊரிலிருந்து தத்துப் போனவள்.

கொளஞ்சியப்பன் பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்குப் போகுமுன், இருபத்திரண்டு வயதில், ஊருக்குள் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒன்றரை வருடம் டைப்பிஸ்டாக இருந்தார். இல்லம் மூடி முப்பது வருடமாகிறது. அங்கே வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான் என்று, ஐனோவுக்காக விசாரித்த வக்கீலம்மா சொன்னார்.

ஐனோ ஒரு ஃபைலைத் திறந்து, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடியில் அவருடைய கையெழுத்து. ‘காரணம்’ என்ற சின்னக் கட்டத்துக்குள் ஒரே ஒரு ஆங்கில வரி டைப் அடித்திருந்தது. மதர் கேனாட் பேர் (bear) த சைல்ட்.

“இதை எழுதியது நீங்கள்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நான்தான்.”

அவள் இன்னொரு தாளை எடுத்தாள். அது பின்னிஷ் மொழியில் இருந்தது. “எங்கள் ஊரில் இதை மொழிபெயர்த்தவர் ‘சியெத்தா’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சத்தம், சிகரெட் நாற்றம், இதையெல்லாம் சகிக்க முடியவில்லை என்று சொல்லும்போது வருகிற சொல். பன்னிரண்டு வயதில் அலமாரியிலிருந்து எடுத்து நானே படித்தேன். என்னைப் பெற்றவளுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை என்று புரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவளை எதற்குத் தேட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.”

கொளஞ்சியப்பன் அந்தப் பின்னிஷ் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“போன வருடம் என்னை வளர்த்த அம்மா இறந்துவிட்டார். அவருடைய பெட்டியில்தான் இந்த ஆங்கிலத் தாள் கிடைத்தது. ‘பேர்’ என்ற அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஆங்கிலத்தில் அதற்குத்தான் எத்தனை அர்த்தம். கரடிக்கும் அதே எழுத்துகள். சுமப்பதற்கும் அதுதான், பிள்ளை பெறுவதற்கும் அதுதான். எங்கள் மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்.” பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். அதில் நாலைந்து பின்னிஷ் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் விளக்கம். “இதில் எது? அவள் உங்களிடம் என்ன சொன்னாள்?”

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். ராஜாம்பாள் என்று பெயர் சொன்ன பெண்ணுக்கு இருபது வயது இருந்தாலே அதிகம். சின்னசேலம் பக்கத்துக் கிராமம், கூலி வேலை. இடுப்பில் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் தலையைச் சாய்த்துக் கிடந்தது. “புருசன் செத்து ரெண்டு மாசம் ஆவுது சார். கரும்பு வெட்டப் போனா புள்ளைய வுட எடமில்ல. பாலும் வத்திப்போச்சி. என்னால தாங்க முடியல சார்” என்றாள். அதையெல்லாம் எழுதக் கட்டத்தில் இடமில்லை. அவர் அகராதியில் ‘தாங்கு’ என்ற சொல்லைத் தேடினார். நாலைந்து ஆங்கிலச் சொற்கள் இருந்தன. இருப்பதில் சின்னதாகவும் கம்பீரமாகவும் இருந்ததை எடுத்து அடித்தார். ஒரு வரியில் முடித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்குப் பெருமை.

இதை அவர் ஐனோவிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னார். “வெறுத்துச் சொன்ன வார்த்தை இல்லை. பலம் இல்லை என்று சொன்னாள். சுமக்கத் தெம்பில்லை என்று சொன்னாள். தப்பு என்னுடையது.”

அவள் விரல் சீட்டின் மேல் ஊர்ந்து கடைசிச் சொல்லில் நின்றது. “யக்ஸா” என்றாள். “உடம்பிலும் மனசிலும் தெம்பு இருப்பதற்குச் சொல்வது. அவளால் யக்ஸா முடியவில்லை. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

அவள் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். போகும்போது மூன்று முறை நன்றி சொன்னாள். மறுநாள் காலை கல்வராயன் மலைமேல் கரியாலூருக்குப் போவதாக இருந்தாள். ராஜாம்பாள் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பின்னால் வேறொருவரைக் கட்டிக்கொண்டு பெற்ற மகள் மலர்விழி அங்கே இருப்பதை வக்கீலம்மா கண்டுபிடித்திருந்தார். கூட வந்து மொழிபெயர்க்க வேண்டிய வக்கீலம்மாவுக்குக் காய்ச்சல். “நான் வருகிறேன்” என்று கொளஞ்சியப்பன் சொல்லிவிட்டார். அவள் நன்றி சொன்னது அவருக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

கார் போனபிறகு மனைவி கமலா, “இன்னாங்க, மொகம் ஒருமாதிரி இருக்குது?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றார்.

ஒன்று இருந்தது. அதை அவர் கமலாவிடமும் சொன்னதில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறும்போது ஐனோ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள். அது என்ன செடி, மரவள்ளியா, இந்த மலையிலா என் அம்மா வேலை பார்த்தாள். அவர் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கேயாவது வண்டியை நிறுத்தச் சொல்லி, சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தார். இரண்டு முறையும் அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

மலர்விழியின் வீடு அருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. முன்பக்கம் டீக்கடை, பின்பக்கம் இரண்டு அறை. மலர்விழி வந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அம்மா மூக்கு அப்படியே இருக்குது” என்றாள். கொளஞ்சியப்பன் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஐனோ தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். ரேஷன் அட்டையில் இருந்த சின்னப் போட்டோவைத் தவிர ராஜாம்பாளுக்கு வேறு படம் இல்லை. ஐனோ அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

டீ வந்தது. பாயில் உட்கார்ந்தபடி மலர்விழி பேச ஆரம்பித்தாள்.

“அம்மா சாவுற வரைக்கும் ஒன்ன பத்தித்தான் சொல்லிக்கினு இருக்கும். குடுத்துட்டு வந்து ராத்திரி பகலு தூக்கமே இல்லியாம். ஒன்ற மாசம் கழிச்சி மாமா வூட்டுல சேத்துக்கிறேன்னு சொன்னாங்களாம். புள்ளைய திருப்பிக் கேக்கலாம்னு நடந்தே கள்ளக்குறிச்சிக்குப் போச்சாம். அங்க ஆபீசுல இருந்த ஒரு சாரு, கொயந்த பிளேன் ஏறிடுச்சி, இனிமே வராதேன்னு சொல்லி அனுப்பிட்டாராம். மேல பிளேன் சத்தம் கேட்டாலே அண்ணாந்து பாக்கும்.”

“என்ன சொல்கிறாள்?” என்று ஐனோ கேட்டாள்.

கொளஞ்சியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். உன் அம்மா உன்னையே நினைத்துக்கொண்டிருந்தாளாம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஒரு வரியில் முடியும். இரண்டு பேருக்கும் தெரியப் போவதில்லை.

அவர் ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். கடைசியில் அந்த ஆபீஸ் சார் வரைக்கும் சொன்னார். பிறகு முதலில் தமிழில், “அந்த சாரு நான்தான்மா” என்றார். அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

மலர்விழி, “நீங்களா சார்?” என்றாள். குரல் உயரவில்லை.

“அப்போது நான் எங்கே இருந்தேன்?” என்று ஐனோ கேட்டாள்.

“சென்னையில். பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். இருபது நாள் கழித்துத்தான் விமானம்.”

“அது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். இல்லத்தின் தலைவி அன்று ஊரில் இல்லை. திருப்பிக் கொடுப்பதென்றால் எல்லாப் பேப்பரையும் மறுபடி அடிக்க வேண்டும். குழந்தையும் இங்கே வந்து பட்டினிதான் கிடக்கும் என்று நினைத்தேன். நல்லது செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வந்துபோனதை எந்தத் தாளிலும் எழுதவில்லை.”

கடைக்கு யாரோ டீ கேட்டு வந்தார்கள். மலர்விழி எழுந்து போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அதுவரை ஐனோ பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். போகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“தங்கையிடம் கேளுங்கள்” என்றாள் ஐனோ. “அம்மா எப்படி இறந்தார்?”

அவர் கேட்டார். மலர்விழி சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று. அம்மாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், பாடுவாளா, கோபம் வருமா, என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பாப்பாத்தி என்று கூப்பிட்டாளாம். இரண்டு பெண்களின் சொற்களும் அவர் வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரிடத்தில் மலர்விழி, “இன்னும் ஒரு தபா போயி கேட்டிருக்கலாம், நான் வுட்டுட்டேன்னு அம்மா தலையில அடிச்சிக்கும்” என்றாள். அதைச் சொல்லும்போது அவர் பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து சொன்னார்.

மதியம் ஐனோ, தான் இரண்டு நாள் இங்கேயே தங்கப் போவதாகச் சொன்னாள். கொளஞ்சியப்பன் எழுந்தார்.

“நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். “நடந்தது முழுவதையும் எழுதிக் கொடுங்கள். அவள் திரும்பி வந்ததையும் சேர்த்து. தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டாம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

மலர்விழி கடைக் கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். ராஜாம்பாள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினார். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். ஐனோ அதை மடித்து ஃபைலில் வைத்தாள். முந்தின நாள் போல் கையைப் பிடிக்கவில்லை. “பஸ் எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலை கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, “இத்தினி வருசமா எங்கிட்டகூட சொல்லலியே” என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலு மாதம் பொறுத்து, மனம் கேட்காமல் மலர்விழிக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வீடியோவில் பேசுகிறாள் என்றாள். பேசுவதைப் போனே மாற்றிச் சொல்லிவிடுகிறதாம், பாதி தப்பாகத்தான் வருகிறதாம், ஆனாலும் சிரித்துக்கொண்டே பேசிவிடுகிறார்களாம். தை மாதம் மறுபடி வருகிறாளாம்.

“என்ன பத்தி ஏதாவது கேட்டாங்களாம்மா?”

“ஒண்ணும் கேக்கல சார்.”

“சரிம்மா” என்று சொல்லி அவர் போனை வைத்தார்.