காற்றுக்கு விட்ட கிரேன்

எதையும் முறையாகச் செய்து பழகியவன் நான். பழிவாங்குவதையும் அப்படித்தான் செய்ய நினைத்தேன்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் மேற்பார்வையாளர். நான் டவர் கிரேன் ஓட்டுபவன். போன வருடம் கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டு ஒன்று சாய்ந்து தூணில் இடித்தது. வாக்கிடாக்கியில் தவறான நேரத்தில் "இறக்கு" என்று சொன்னவர் மச்சான். விசாரணையிலோ, "மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நாளாவே கை நடுங்குது சார்" என்றார். என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. ஆனாலும் அன்றிலிருந்து என் பெயரே 'நடுக்கம்' ஆகிவிட்டது. சிமெண்ட் கலக்குகிறவன்கூட, "நடுக்கம் அண்ணே, சாப்டாச்சா?" என்பான். என் தூக்கமும் போனது. பல்லைக் கடித்துக் கடித்து, தாடை வலியோடுதான் பொழுது விடியும்.

மச்சானுக்கு உயரம் ஆகாது. மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்கக்கூடப் பெண்டாட்டியைத்தான் அனுப்புவார். கிரேனை மேலே ஏறிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவர் கீழே நின்றபடியே போட்டுவிடுவார். இந்த முறை பெரிய இன்ஜினியர் பக்கத்தில் இருக்கும்போது, "மச்சான் மேல வந்து பாத்தா எனக்கும் தெம்பா இருக்கும் சார்" என்று பவ்யமாகச் சொன்னேன். மச்சானின் முகம் சுண்டிப்போனது.

காற்று எழும்பும் ஒரு மத்தியானமாகப் பார்த்து அவரை வரச் சொன்னேன். காற்று அளவு மீறினால் வேலையை நிறுத்தி, கிரேனைத் திரும்பாமல் பிடித்திருக்கும் பிரேக்கை விட்டுவிடுவது எங்கள் வழக்கம். கிரேனின் நீண்ட கையும் அதோடு ஒட்டிய கேபினும் காற்று போகும் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால்தான் ஆபத்து. புதிதாக ஏறியவருக்கோ உலகமே கழன்றுவிட்டது போல இருக்கும். அந்த நேரத்தில் வாக்கிடாக்கிப் பொத்தானை அழுத்தியே வைத்திருந்தால், மச்சான் போடும் ஓலம் கீழே அத்தனை பேருக்கும் கேட்கும். யாருக்கு நடுக்கம் என்று அப்போது தெரிந்துவிடும்.

மச்சான் பாதி உயிராக ஏணியேறி வந்து சேர்ந்தார். கேபின் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க மாப்ளே கையெழுத்து? போட்டுட்டு எறங்கிடுறேன்."

"வந்ததே வந்தீங்க, கண்ணத் தொறந்து பாருங்க மச்சான். வானம் ஒண்ணும் கடிக்காது."

"என் தங்கச்சிய நெனச்சாவது என்னைப் பத்திரமா எறக்கிடுய்யா."

"அவளை நெனச்சுத்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்."

அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். காற்றளக்கும் கருவி கூவியது. பிரேக்கை விட்டேன், பொத்தானை அழுத்தினேன்.

கேபின் திரும்பத் தொடங்கியது. மச்சான் என் இருக்கையின் காலைக் கட்டிக்கொண்டார். கட்டடம் விலகியது, தெருக்கள் விலகின. கண்ணாடி முழுக்க மழை வந்து நின்றது. ஆற்றுக்கு அப்பால், வானத்திலிருந்து தரைவரை ஒரே சாம்பல் சுவர். அதன் ஓரத்தில் வெயில் பட்டு உள்ளுக்குள் எரிந்தது. சுவருக்கு முன்னால் ஒரு பறவைக்கூட்டம் மொத்தமாகக் கறுத்தது, திரும்பியபோது மொத்தமாக வெளுத்தது.

நான் ஓலத்துக்காகக் காத்திருந்தேன்.

"மாப்ளே," என்றார் மச்சான். குரலே எழும்பவில்லை. "இதெல்லாம் தெனமும் இங்கதான் இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக அந்தக் கண்ணாடி வழியே நான் பார்த்தது, கீழே நடமாடும் அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டை மட்டும்தான்.

அவர் மெல்ல எழுந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இதுக்கு முன்னால நாமெல்லாம் எம்மாத்திரம்யா. இத்துனூண்டு பதவிக்குப் பயந்து உன் கைமேல பழியப் போட்டேனே. அன்னிக்குத் தப்பா சிக்னல் குடுத்தது நான்தான்."

பொத்தான் அழுந்தியபடியே இருந்தது. வேலைத்தளம் முழுக்கக் கேட்டது.

நான் ஆசைப்பட்டதற்கு மேலேயே நடந்தது. பட்டப்பெயர் ஒழிந்தது. மச்சானின் மேற்பார்வை வேலை போய், கிடங்குக்கு மாற்றினார்கள். ஆனால் ஒருநாள் காலையில் மனைவி சொன்னாள்: "அண்ணனுக்கு இப்போ தூக்க மாத்திரையே வேணாமாம். அடிச்சுப்போட்ட மாதிரித் தூங்குறாராம். நீங்க என்னடான்னா இன்னும் பல்லைக் கடிக்கிறீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்றிவிட்டவன் நான், சுகப்பட்டவர் அவரா?

அன்று கிடங்கு வாசலில் மச்சான் என்னை மறித்தார். "இன்னொரு தடவ மேல கூட்டிட்டுப் போறியா மாப்ளே? சும்மா பாக்கத்தான்."

"கிடங்கு ஆளுக்கு மேல என்ன வேலை மச்சான்?" என்றேன். அவர் முகம் வாடியது. பழியின் ருசி அப்போதுதான் எனக்கு நாக்கில் பட்டது.

மத்தியானம் காற்று எழும்பியது. பிரேக்கை விட்டேன். அவருக்குக் கிடைக்காததை ஒன்று விடாமல் நான் பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பில்தான் தலையை நிமிர்த்தினேன். ஒரு மேகத்தின் நிழல் ஊரை முழுதாக மூடிக்கொண்டு நகர்ந்தது. ஆயிரம் கூரைகள் அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தன. கிடங்கைத் தேடினேன், கண்ணில் அகப்படவில்லை. பிறகு தேடவும் மறந்துபோனேன்.

கேபின் நின்றபோதுதான் என் வாய் திறந்திருப்பது தெரிந்தது. தாடை வலிக்கவில்லை.

அன்றிரவு தூங்கினேன். மச்சானிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.