கூடம் கோணல்

என் மனைவி யாரிடமும் "வலிக்காது" என்று சொன்னதில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. "வலிக்கும். மூணு எண்ணுங்க, போயிடும்" என்பாள். எண்ணி முடிப்பதற்குள் குழாய் நிரம்பியிருக்கும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் இவளுக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவள் நாற்பத்து மூன்று வயதில் ஐஸ் ஸ்கேட்டிங் கற்கப் போனாள். முதலில் மகளைத்தான் சேர்த்தோம். வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பனித்தளம் இருக்கிறது. அங்கே விடுமுறையில் ஒரு மாத வகுப்பு. நாலாவது நாளே "குளிருது" என்று மகள் வந்துவிட்டாள். மீதி நாட்களுக்கு நான் போகிறேன் என்று இவள் கிளம்பினாள். எட்டு வருடம் ஆகிறது. மகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். இவளுடைய ஒரு மாத வகுப்பு இன்னும் முடியவில்லை.

அந்தப் பனிமேல் வேகமாக ஓடுவது வேறு, ஆடுவது வேறு. இவள் கற்றது ஆட்டம். ஒற்றைக் காலில் வளைந்து போக வேண்டும், நின்ற இடத்தில் சுழல வேண்டும், தாவி ஒரு முழுச் சுற்று சுற்றி, வலது காலில், பின்பக்கமாக இறங்க வேண்டும். விழுந்தால் கல்தரையில் விழுந்த மாதிரிதான், என்ன, கொஞ்சம் ஜில்லென்று இருக்கும். எனக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அவள் நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அது மூக்கைத் தாண்டிவிடும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வலியோடு குடித்தனம் நடத்த அவளைப்போல் யாராலும் முடியாது. வலியை அவள் மூன்று ஜாதியாகப் பிரித்து வைத்திருந்தாள். முதலாவது விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற கணக்கில் வந்து போகிற சுளுக்கும் ரத்தக்கட்டும். இரண்டாவது வாடகைக்காரர். காலி பண்ண மாட்டார், ஆனால் அவர் பாட்டுக்கு இருப்பார். அவளுடைய இடது கணுக்காலில் ஐந்து வருடமாக ஒருவர் இருக்கிறார். மூன்றாவது திருடன். சொல்லாமல் கொள்ளாமல் சுரீரென்று வருவான். வந்தால் அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். பனித்தளத்தில் அவள் விழுந்தால், வெளியே நிற்கிற எனக்கு ஒரு விரல் காட்டுவாள், விருந்தாளி. இரண்டு விரல் என்றால் வாடகைக்காரர். கையை மூடிக் காட்டினால் திருடன். மூன்று வருடம் முன்பு மணிக்கட்டு முறிந்த அன்று அவள் காட்டியது மூடிய கை, அதுவும் இடது கை.

அப்போது கட்டுப் போட்ட கையோடு ஆறு வாரமும் பனித்தளத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் காலைத் தூக்கிக் கட்டை விரலால் காற்றில் அ, ஆ எழுதுவாள். கணுக்காலுக்குப் பயிற்சி. 'இ' சுழிக்கும்போது கடக்கென்று சத்தம் வரும். "எழுத்துப் பிழை" என்று சொல்லிவிட்டு 'ஈ'க்குப் போவாள். குளிர்பெட்டியில் ஒரு பட்டாணிப் பொட்டலம் இருக்கிறது. எட்டு வருடமாக அது வீக்கத்துக்கு ஒத்தடமாக அவள் உடம்பில் ஊர்ந்ததே தவிர அடுப்பில் ஏறியதில்லை.

நான் செருப்பு, ஷூ, பை பழுது பார்க்கிறவன். முப்பது வருடமாக ஒரே கடை. அவளுடைய ஸ்கேட்டிங் பூட்ஸையும் நான்தான் பார்த்துக்கொள்வேன். கணுக்கால் எலும்பு இடிக்கிற இடத்தில் தோலைச் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுப்பேன், உள்ளே பஞ்சு வளையம் ஒட்டுவேன். திட்டிக்கொண்டேதான் செய்வேன்.

இந்த வருடம் அவள் பெரியவர்களுக்கான பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அந்த ஒரு சுற்றுத் தாவல் வந்தால்தான் தேறலாம். அதற்காக இரண்டு வருடம் உழைத்திருந்தாள். பரீட்சைக்கு எட்டு வாரம் இருக்கும்போது வலது பூட்ஸின் குதிகால் ஈரம் ஏறி உப்பி, அடியில் கத்திபோல் நிற்கிற பிளேடைப் பிடித்திருக்கும் திருகுகள் ஆட ஆரம்பித்தன. கடைக்குக் கொண்டு வந்தாள். பிளேடைக் கழற்றினேன். காயவைத்தேன். பழைய துளைகளில் மர ஆப்பு அடித்து அடைத்து, வார்னிஷ் பூசினேன். கழற்றும்போதே ஒன்று கண்ணில் பட்டது. பிளேடு நடுவில் இல்லை, உள்பக்கமாகத் தீக்குச்சி கனம் தள்ளியிருந்தது. எந்த அரைகுறை மாட்டியது இது என்று திட்டிக்கொண்டே நடுக்கோடு கிழித்து, அளவு வைத்து, கச்சிதமாக நடுவில் மாட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே அவளுடைய வலது முழங்காலின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கியது.

அவள் வழக்கமான எல்லாம் செய்தாள். பட்டாணி வைத்தாள், பட்டை கட்டினாள், பிசியோவிடம் போனாள். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். பத்து நாள் ஓய்வெடுத்தாள். திரும்பப் போன அன்றே வலி வந்துவிட்டது. தாவினால் இறங்குகிற கால் நிற்கவில்லை, உள்ளே சரிந்தது.

"இது விருந்தாளியும் இல்ல, வாடகைக்காரரும் இல்லங்க. திருடனும் இல்ல. இதை யாரோ அனுப்பியிருக்காங்க" என்றாள் ஒருநாள், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே. "பூட்ஸ்ல ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன் நான்.

"விளையாடாதீங்க."

"விளையாடறது நானா நீயா? அம்பத்தோரு வயசு ஆகுது. முட்டி வலிக்காம முல்லைப்பூவா பூக்கும்?"

அவள் அடுத்த படியில் காலை வைத்தாள். நான் அந்தப் பாட்டை நிறுத்தவில்லை. பட்டாணி வைத்தால் வயசு, படி இறங்கினால் வயசு. போனில் மகளிடமும் அதையே பாடினேன்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை, வேலைக்குப் போட்டுப் போகிற ஷூவைக் குதிகால் மாற்றச் சொல்லிக் கடையில் வைத்துவிட்டுப் போனாள். கையில் எடுத்துத் திருப்பினேன். வலது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்த குதிகாலைப் பார்த்து ஆள் எப்படி நடப்பார் என்று சொல்லிவிடுவேன், அது என் பிழைப்பு. இந்தக் கால் உள்பக்கம் சாய்கிற கால். சாய்கிற காலுக்கு அந்தப் பக்கமாகத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். பிளேடை உள்பக்கம் தள்ளி மாட்டியிருந்தவன் அரைகுறை இல்லை, விஷயம் தெரிந்தவன். ஆப்பசைத்த குரங்காக அதை எடுத்தவன் நான்.

கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தேன். கூடம் கோணல்தான். கோணலாக்கியது நான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. வெட்கம் ஒரு பக்கம். அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று இருந்தது. இந்த முட்டியோடு அவளே விட்டுவிடுவாள், நானும் நிம்மதியாக இருக்கலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில பேரை எடுத்துடறேன். அதுதான் கடைசி நாளாம். டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். டீச்சர் என்பது அவளுக்கு ஆட்டம் சொல்லித் தருகிற பெண், இவள் வயதில் பாதி.

"ஏன்?"

"நீங்க சொன்னதுதான். வயசு."

இருபத்திரண்டு வருடமாக ஊசி முனையில்கூடப் பொய் சொல்லாதவள், நான் கொடுத்த பொய்யை மெய்யென்று நம்பித் திருப்பிச் சொன்னாள்.

"ஏம்மா, பேரை எடுக்காதே. உன் முட்டியில இருக்கறது வயசு இல்ல. நான்தான்" என்றேன்.

ஷூவைத் திருப்பிக் காட்டினேன். அவள் பையிலிருந்த பூட்ஸை வாங்கி, பிளேடைக் கழற்றி, நான் அடைத்த பழைய துளைகளைக் காட்டினேன். வார்னிஷுக்கு அடியில் நான்கு வட்டங்கள், தீக்குச்சி கனம் உள்பக்கமாக. அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"சனிக்கிழமை."

"இன்னிக்குத் திங்கள்."

"ஆமா. நீயே விட்டுட்டா நல்லதுன்னு நெனச்சேன். நீ விழறதை என்னால பாக்க முடியல."

பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிளேடு மாட்டினது தப்பாப் போச்சு, சரி. வேலைன்னா நடக்கும். எனக்கும் நரம்பு தவறியிருக்கு. ரெண்டாவது தடவை குத்தியிருக்கேன், மன்னிப்புக் கேட்டிருக்கேன். ஆனா ஆறு வாரமா வயசு வயசுன்னு சொன்னீங்க பாருங்க... நான் நம்பிட்டேங்க."

அவள் அழுதாள். மணிக்கட்டு முறிந்தபோதுகூட அழாதவள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மேஜைமேல் கிடந்த துணியை எடுத்துக் கொடுத்தேன். அது பாலிஷ் துடைக்கிற துணி. கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பூட்ஸோடு பனித்தளத்துக்கு நானே போனேன். அங்கே பிளேடு தீட்டுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவங்க கால் உள்ள சாயும்னு நாந்தான் தள்ளி வெச்சேன். யாரு இதை நேராக்குனது?"

"நான்தாங்க."

"ரொம்ப நேரா இருக்கு" என்றார். பாராட்டா, குத்தலா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. நான் போட்ட துளைகளில் ஆப்பு அடித்து அடைத்து, பழைய இடத்திலேயே மாட்டிக் கொடுத்தார்.

ஆறு வார வலி ஒரே நாளில் போய்விடாது. புதன்கிழமை கொஞ்சம் வீங்கியிருந்தது. வியாழன் அ, ஆ எழுதிவிட்டு முழங்காலை மடக்கி நீட்டினாள். வெள்ளிக்கிழமை கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாள். நான் கீழே நின்று பார்த்தேன். அவள் பார்க்காத மாதிரி போனாள். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசியது சாவி எங்கே, உப்பு எங்கே என்பது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பனித்தளத்தின் ஓரத்தில் மேஜை போட்டு மூன்று தேர்வாளர்கள் போர்வையை மடியில் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ஆட வந்தவர்கள் ஆறு பேர். எல்லோரும் தலைநரைத்தவர்கள், முழங்காலிலோ முதுகிலோ ஒரு பட்டை கட்டியவர்கள். அவர்களைப் பார்த்து, போன வாரம் வரை நான் சிரித்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொருவரும் எப்படி வீட்டுப்படி இறங்கி வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

இவள் நாலாவது. ஒற்றைக் காலில் மேஜைக்கு முன்னால் வளைந்து போனாள், சரியாக இருந்தது. சுழன்றாள், அதுவும் சரி. பிறகு வேகம் எடுத்தாள். தாவினாள். சுற்று முழுதாக வந்தது. இறங்கும்போது கால் நழுவியது. இடுப்பு பனியில் மோதிய சத்தம் தடுப்புச் சுவர்வரை கேட்டது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் முதலில் கையை ஊன்றினாள். பிறகு ஒரு முழங்கால். அது வலது முழங்கால். அதன்மேல் பாரத்தைப் போட்டு இடது காலை முன்னே வைத்து எழுந்தாள். ஐம்பத்தோரு வயது உடம்பு பனியிலிருந்து எழுந்து நிற்பதைவிட அழகான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. எழுந்தவள் என் பக்கம் திரும்பினாள். ஒரு வாரமாக என்னைப் பார்க்காதவள் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

ஒரு விரல்.

மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தாள். தேர்வாளர்கள் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். நடுவில் இருந்தவர், "அந்தத் தாவலை மட்டும் இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க" என்றார்.

அவள் ஈரமான பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்ப வேகம் எடுத்தாள். தாவினாள். சுற்றினாள். வலது காலில் இறங்கிப் பின்பக்கமாக வளைந்து போனாள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கால் உள்ளே சாயவில்லை. டீச்சர் பெண் கத்தியே விட்டாள். தேறினாள் என்று பிறகு தாளில் எழுதிக் கொடுத்தார்கள், எனக்கு அந்த மூன்று எண்ணும்போதே தெரிந்துவிட்டது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கயிற்று முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவள் பூட்ஸ் காலைத் தூக்கி என் தொடையில் வைத்தாள்.

"இடுப்புல யாரு?" என்றேன்.

"விருந்தாளிதான். குடும்பத்தோட வந்திருக்காங்க."

"யார் அனுப்பினது?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அடுத்த பரீட்சைக்கு ரெண்டு வருஷம் ஆகும்னு டீச்சர் சொல்றாங்க. அப்போ எனக்கு அம்பத்தி மூணு" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். முடிச்சைப் பல்லால் கடித்துத் தளர்த்திவிட்டு, "குதிகால்ல ஈரம் ஏறியிருக்கு. நாளைக்கே வார்னிஷ் அடிக்கணும்" என்றேன்.

"வார்னிஷ் மட்டும் அடிங்க" என்றாள். "திருகைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி."