மூன்று நாள் காய வேண்டிய தரை

1.

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மாத இதழ் ஒன்றின் வீட்டுக்குறிப்புப் பக்கத்துக்கு, பலகைத் தரைக்கு எப்போது மறுபடி வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குப் பலகைத் தரை கிடையாது. வெந்நீர் வைக்கத் தெரியாதவர்கள் சமையல் குறிப்பு எழுதுகிற பத்திரிகை அது, ஆகவே துணிந்து ஒப்புக்கொண்டேன். தொடக்கம் ஒழுங்காகவே வந்தது:

தரையில் நாலைந்து இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேம்பு இலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றால் அவசரமில்லை. ஊறி மரம் கறுத்தால் வேளை வந்துவிட்டது. உடனே வீட்டைக் காலி செய்துவிட்டு

இந்த இடத்தில் ஒரு கிழவர் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கச் சொன்னால் காது கேட்காதவர்போல் பார்க்கிறார். கட்டுரை அங்கேயே நிற்கிறது.

2.

அவருக்கு அப்பாசாமி என்று பெயர் வைத்தேன். உட்கார ஒரு வீடு வேண்டுமே? மலாக்காவில், காஜா பேராங்கில், மெர்பாவ் மரப் பலகை போட்ட ஒரு சின்ன வீட்டின் ஹாலைக் கொடுத்தேன். ஆண்டு 1957.

தொடக்கம் ஒன்று: 'மலாக்காக் கடலில் அந்திச் சூரியன் மெல்ல' — வேண்டாம். மலாக்காவைப் பற்றி எழுத வருகிற எல்லாருக்கும் அந்தி இலவசம்.

தொடக்கம் இரண்டு: 'பாக்கியலட்சுமி தன் புருஷனோடு சத்தம் போட்டுச் சண்டை போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.' இது தேவலாம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

பாக்கியலட்சுமி சண்டைக்காரி இல்லை. ஆனால் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு சண்டையே போடாமல் வாழ்வது மனுஷ காரியமும் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் குரல் தெருக்கோடிவரை போகும். அவனும் பதிலுக்குக் கத்துவான். அரைமணியில் இருவரும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அதுதான் அந்த வீட்டின் ஆரோக்கியம்.

போன வருஷம் பிப்ரவரியில், மெர்டேக்கா என்கிற சுதந்திரத்தின் தேதியைத் திடலில் அறிவிக்கப் போகிறார்கள் என்று ஊரே திரண்டபோது, வேடிக்கை பார்க்க வந்தார் வேலாயுதத்தின் சித்தப்பா அப்பாசாமி. வந்தவர் ஹாலின் உள்மூலையில் துண்டை விரித்தார். எப்போது கிளம்புவதாக உத்தேசம் என்று வேலாயுதம் சுற்றிவளைத்துக் கேட்டதற்கு, "மெர்டேக்கா வந்ததும் போயிடறேன்டா" என்றார்.*

மாமனார் முறையுள்ளவர் ஹாலில் இருக்கும்போது மருமகள் எப்படிப் புருஷனை ஏசுவது? அன்றிலிருந்து எல்லாச் சண்டையும் அடுப்படியில், குசுகுசு என்று. ரசத்தில் உப்பு கூடியதிலிருந்து நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்த சேலைவரை எல்லாம் தொண்டையிலேயே தங்கிப்போயின. நடுநடுவே ஹாலிலிருந்து ஓர் இருமல் வரும். உடனே அந்தக் குசுகுசுப்பும் நின்றுவிடும்.

* இதில் வெள்ளைக்காரனைப் பார்க்கிற வாசகர்களுக்கு: நானும் பார்த்தேன். ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். வெள்ளைக்காரன் குறித்த தேதியில் கிளம்பிவிடுவான். அப்பாசாமி விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

3.

வழி சொன்னவள் பக்கத்து வீட்டு மீனாச்சி, பல தலைமுறைக்கு முன்பே மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். பேசுவது மலாய், நடுவே 'மாமா', 'பொங்கல்' என்று தமிழ் தலைகாட்டும். "மாமா பிலா மோ பாலெக்?" என்று கேட்டாள். மாமா எப்போது கிளம்புகிறார் என்று அர்த்தம். பாக்கியம் கையை விரித்தாள். பொங்கலுக்கு முன்னால் தங்கள் வீட்டுத் தரைக்கு வார்னிஷ் அடித்ததையும், மூன்று நாள் யாரும் கால் வைக்கக் கூடாதென்று வீட்டையே காலி செய்ததையும், வந்திருந்த விருந்தாளிகள் அந்த வாசனைக்குப் பயந்து திரும்பாததையும் மீனாச்சி சொன்னாள்.

பாக்கியத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று ராத்திரியே புருஷன் காதில் போட்டாள்.

"ஏங்க, தரை ரொம்ப மோசமாயிடுச்சி. வார்னிஷ் அடிக்கணும். மூணு நாளைக்கு மாமாவ செமாபோக்குல கோகிலா வீட்டுல விட்ருவோம்."

கோகிலா அப்பாசாமியின் ஒரே மகள். வேலாயுதம் காலையில் விஷயத்தைச் சித்தப்பாவிடம் எடுத்தான். அப்பாசாமி விரலைத் தண்ணீரில் நனைத்து, ஹால் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வைத்துக்கொண்டே போனார். குனிந்து பார்த்தார்.

"முத்து மாதிரி நிக்குது பாரு. இப்ப தேய்ச்சா பலகைதான் மெலியும். இன்னும் வேள வரல."

இங்கே உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாசாமி புக்கிட் ரம்பாய்ப் பக்கத் தோட்டம் ஒன்றில், துரை பங்களாவின் தரையைக் காலமெல்லாம் பார்த்துக்கொண்டவர். பாக்கியம் சூழ்ச்சி செய்யத் தேர்ந்தெடுத்தது, அவருக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான்.

"கோகிலா வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வாங்களேன் மாமா," என்று நேராகவே கேட்டுப் பார்த்தாள்.

"கட்டிக்கொடுத்த பொண்ணு வீட்டுல கை நனைக்கறதாம்மா? அதுவும் சிமிண்டுத் தரை. காலு விறைச்சிப் போவும்."

4.

[இந்தப் பகுதியில் துரை ஊருக்குக் கப்பலேறியதும், பங்களாவைப் பூட்டியதும், அதன் பின்கட்டில் குடியிருந்த அப்பாசாமிக்குப் போக இடமில்லாமல் போனதும் இருந்தன. எடுத்துவிட்டேன். படித்தால் நீங்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். பாக்கியத்துக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?]

5.

வேளை வரவில்லை என்றால் வரவழைக்க வேண்டியதுதான். அப்பாசாமி காலையில் கோயிலுக்குப் போகிற நேரத்தில், பாக்கியம் சோடா உப்பைக் கரைத்து ஊற்றித் தேங்காய் மட்டையால் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். முதலில் வாசற்படிப் பக்கம், பிறகு அடுப்படிக்குப் போகிற வழி. தோள்பட்டை கழன்றது. வார்னிஷும் கழன்றது. (பத்திரிகை வாசகர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

வெள்ளிக்கிழமைதோறும் அப்பாசாமி சொட்டு வைத்தார். ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் தரை கறுத்தது. கடைசியில் அவர் உட்காரும் மூலை மட்டும் மிச்சம். அங்கே அவள் எவ்வளவு தேய்த்தும் பலிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, அந்தப் பலகை தேங்காயெண்ணெயில் ஊறிப்போயிருந்தது. தண்ணீர் அதன்மேல் பட்டால் ஓடியது.

ஆகஸ்டு மாதம் ஒருநாள், அடுப்படியில் குசுகுசுச் சண்டை முற்றி, பாக்கியம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். ஹாலில் இருமல் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எட்டிப் பார்த்தபோது அப்பாசாமி தன் மூலையில் குனிந்து, ஒரு சொட்டு வைத்துக்கொண்டிருந்தார். சொட்டு உருண்டு நின்றது. அவள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார்.

"ஊறிடுச்சிம்மா," என்றார். "இதுவும் போச்சி. அடிச்சிற வேண்டியதுதான். நானே அடிச்சிக் குடுத்துட்டு செமாபோக்குக்குப் போறேன்."

பாக்கியத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் சந்தோஷம் வரவில்லை.

முற்றும்.

6.

'முற்றும்' போட்டுவிட்டு நான் காப்பி குடிக்கப் போனேன். நல்ல முடிவு, யாராவது ஒருவர் கண் கலங்குவார். திரும்பி வந்து பார்த்தால் கிழவர் செமாபோக்குக்குப் போகவில்லை.

நடந்தது இது. உப்புத்தாள் போட்டுத் தரையை இழைத்து முடித்து, சாமான்களை மீனாச்சி வீட்டில் ஏற்றியாகிவிட்டது. மெர்டேக்காவுக்கு முதல் நாள் காலையில் அப்பாசாமி வார்னிஷ் டின்னோடு தனியாக உள்ளே போனார். பாக்கியம் மீனாச்சி வீட்டு அடுப்பில் சமைத்து, சோற்றில் குழம்பு ஊற்றித் தட்டோடு வாசலுக்கு வந்தாள்.

வாசற்படியிலிருந்து உள்சுவர்வரை தரை ஈரமாகப் பளபளத்தது. அந்தக் கோடியில், வார்னிஷ் படாத ஒரே பலகையில், அப்பாசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

(அந்த மூலைக்கு ஜன்னல் உண்டா? இருந்தது. இப்போதுதான் எடுத்தேன்.)

"மாமா! யாராச்சும் வாசல்லேருந்து அடிப்பாங்களா? உள்ளேருந்துதானே வெளிய வரணும்!"

"மறந்துட்டேம்மா. வயசாச்சில்ல."

"மறந்துட்டீங்களா? காலமெல்லாம் துரை பங்களாவுல இதானே செஞ்சீங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அது பாக்கியத்தின் பழைய குரல். சைக்கிளில் வந்து இறங்கிய வேலாயுதம் அதில் நேராக மாட்டிக்கொண்டான்.

"நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கறதுக்கு என்ன? ஒரு வேலைக்கு ஆவுற ஆளா நீங்க? அன்னிக்கு அந்தச் சேலைக்கும் இப்படித்தான்..."

"சேலைய ஏன்டி இழுக்கற? எனக்கு வேல இல்லையா?" என்று அவனும் கத்தினான்.

ஒன்றரை வருஷத்துப் பாக்கி, உப்பு, சேலை, நாத்தனார், எல்லாம் வெளியே வந்தது. மீனாச்சி வீட்டில் உரல் சத்தம் நின்றது. மூச்சு வாங்க இருவரும் நிறுத்தியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நல்லா இருக்குப்பா. இப்படிக் கத்திக்கிட்டா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன். இத்தன நாளா குசுகுசுன்னு பேசி, என்னதான் பேசறாங்கன்னு காது போயி போயி, எனக்குத் தூக்கமே இல்ல."

வேலாயுதம் முதலில் சிரித்தான். பாக்கியம் சிரிக்கக் கூடாதென்று பார்த்தாள், முடியவில்லை.

7.

முடிவு (அ): சோற்றைப் பொட்டலமாகக் கட்டி எறிகிறார்கள். மூன்றாம் நாள் தரை காய்ந்ததும் அப்பாசாமி, கொடுத்த வாக்குப்படி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகள் வீட்டுச் சிமிண்டுத் தரைக்குப் போகிறார். தரை கண்ணாடிபோல் இருக்கிறது.

முடிவு (ஆ): பாக்கியம் தட்டோடு நேரே நடக்கிறாள். தரை பாழ். மறுபடி இழைத்து, மறுபடி அடித்து, மறுபடி காயவைக்க வேண்டும். அதற்கெல்லாம் கைதேர்ந்த ஆள் ஒருவர் வீட்டோடு இருந்தாக வேண்டும்.

முடிவு (இ): வேலாயுதம் எங்கிருந்தோ ஒரு நீளப் பலகை கொண்டுவந்து — இல்லை. அவன் அப்படிப்பட்ட ஆளாக இருந்தால் இத்தனை சண்டை ஏன்?

வீட்டுக்குறிப்பு எழுதுகிறவனாக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஈர வார்னிஷில் கால் வைக்காதீர்கள். கதை எழுதுகிறவனாக நான் சொல்வதை அவள் கேட்கமாட்டாள் போலிருக்கிறது. வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். ஆனாலும் அந்தத் தரைக்காக அவள் தோள் கழன்றதும், ஒன்றரை வருஷம் தொண்டை அடைத்ததும் பொய்யில்லை.

தட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்; எறிவதோ நடப்பதோ உங்கள் பாடு. கிழவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.