சீருடையைக் கழற்றிய பிறகு

சிறைப் போதகராக வேண்டும் என்று திருச்சபைக்கு விண்ணப்பம் போட்டபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. இருபத்தொரு வருடமாக அதே சிறையில் வார்டர். கைதிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பூட்டு’. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கேட்காத மாதிரி போய்விடுவார்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில், சிறை மருத்துவமனையில் ஒரு மதியம் காவலுக்கு நின்றிருந்தார். சாகக் கிடந்த கைதி ஒருவன் அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, “ஏதாவது சொல்லுங்க சார்” என்றான். சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வேதாகமச் சங்கீதம் ஒன்றைச் சொன்னார். நடுவில் இரண்டு வரி மறந்துபோயிற்று. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு அந்த விரல்களை பெல்ட்டிலிருந்து பிரித்தெடுக்க இன்னொரு ஆள் வர வேண்டியிருந்தது.

வீட்டில் வந்து சொன்னார். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடியே, “உங்களுக்கு ஜெபம் பண்ண வரும்னே இத்தனை வருஷம் எனக்குத் தெரியாதுங்க” என்றாள். கேலியா, பெருமையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஊழியத்துக்கு ஆண்டவரின் அழைப்பு உண்மையா என்று பார்க்க திருச்சபையில் மூன்று பேர் கொண்ட குழு இருந்தது. அதற்குத் தலைவி ஓய்வுபெற்ற டாக்டரம்மா. அதிகம் பேசாதவர். நேரில் வரச்சொல்லிப் பேசிய அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“உள்ள இருக்கிறவங்கள்ல, நீங்க வந்தா யாரு சந்தோஷப்படுவாங்க?”

“எல்லாரும்தாம்மா.”

டாக்டரம்மா காகிதத்தில் ஏதோ எழுதினார். “ஒரு வருஷம் போகட்டும். வேலையில இருந்துகிட்டே யோசிங்க. அவசரமில்ல.”

அவருக்கு அவசரமாக இருந்தது. எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் நம்புவார்கள் என்று தோன்றியது. இரண்டே மாதத்தில், மனைவியிடம்கூடச் சொல்லாமல், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். சீருடையை ஒப்படைத்துவிட்டு நேராக டாக்டரம்மா வீட்டுக்குப் போனார். அந்தம்மா கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டு, நிதானமாகச் சொன்னார்: “உங்களை வேலையை விடச் சொன்னது யாரு?”

வார்டர்களுக்கான குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மனைவியின் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அங்கே குடியேறினார்கள். பாத்திரத்திலும் துணியிலும் கிரீஸ் வாசனை ஏறியது. மனைவி வீட்டிலும் துணி தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மச்சான் அவ்வப்போது, “என்ன மாப்ள, மேலேருந்து உத்தரவு வந்துச்சா?” என்பார். முதலில் சிரிப்பு வந்தது. போகப் போக அந்தக் கேள்வி வருவதற்குள் எழுந்து வெளியே போய்விடுவார்.

வருடம் முடியும் தறுவாயில் குழு ஓர் ஏற்பாடு செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதிருக்கும் போதகருடன் அவரும் சிறைக்குள் போய் வரலாம்.

முதல் ஞாயிறு, கையில் வேதப்புத்தகத்துடன் கூடத்துக்குள் நுழைந்தார். தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். “உக்காருங்கப்பா, உக்காருங்க” என்றார். உத்தரவுக்கு உட்காருவது போல ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆராதனை முடிந்ததும் மேஸ்திரியைத் தேடிப் போனார். கொத்தனார் வேலை பார்த்தவன், ஒரு கொலையில் ஆயுள் தண்டனை. மரியாதையாகப் பேசுவான், அதனால் அவனுக்குத் தன்னைப் பிடிக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

“மேஸ்திரி, மனசுல உள்ளதைச் சொல்லு. நான் இங்க போதகரா வந்தா உனக்கு எப்படியிருக்கும்?”

“உள்ளதைச் சொல்லலாமா சார்?”

“சொல்லு.”

“எங்கம்மாவுக்கு முடியலன்னு கடிதாசி வந்துச்சே, ஞாபகமிருக்கா? உங்க மேஜையில நாலு நாள் கிடந்துச்சு. அம்மா மூணாம் நாளே போயிட்டாங்க.”

அவருக்கு ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் அப்படியொரு கடிதம் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

“கோபமெல்லாம் இல்ல சார். மத்தவங்க பத்து நாள் வச்சிருப்பாங்க. நீங்க நல்லவருதான்.” மேஸ்திரி குரலை உயர்த்தவில்லை. “ஆனா அந்தப் போதகர்கிட்ட நான் உக்காந்து அழுதிருக்கேன். உங்களைப் பாத்தா கால் தானா எழுந்துக்குது. அழுகை வராது சார்.”

“மன்னிச்சிடு மேஸ்திரி.”

“சரி சார்” என்றான். ‘தண்ணி திறந்துவிடு’ என்றால் எப்படிச் சொல்வானோ, அப்படி.

அடுத்த வாரம் குழு கூடியது. டாக்டரம்மா பழைய கேள்வியையே கேட்டார்.

“யாருமில்லம்மா” என்றார் அவர்.

டாக்டரம்மா இந்த முறை எழுதவில்லை. “அந்தச் சிறை உங்களுக்கு இல்ல. அழைப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எதுக்கு, எங்கன்னு இப்போ உங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க.”

“எனக்கு அம்பது ஆயிடுமேம்மா.”

“ஆகும்.”

வீடு வரை நடந்தே வந்தார். டாக்டரம்மா மேல் கோபப்பட்டுப் பார்த்தார்; மேஸ்திரி மேல் கோபப்பட்டுப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. செத்துப்போனவன் பெல்ட்டைப் பிடித்தது நிஜம். ஆனால் அவன் பிடித்தது தன்னையா, கிட்டே நின்ற எவனோ ஒருத்தனையா? இந்தக் கேள்வியைச் சீருடையில் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தானே ஒரு வருடம் கொடுத்தார்கள்.

மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலேயே எல்லாவற்றையும் கேட்டாள். ரெண்டு வருஷம் என்றபோதுதான் அவள் கால் நின்றது.

“ஆண்டவர் உங்களைக் கூப்பிட்டாரா இல்லையான்னு உங்களுக்கே தெரியல. என்னை யாருமே கூப்பிடலைங்க. நானும்தானே கிளம்பி வந்தேன்?”

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மறுநாள் காலை மச்சான் கடையில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். மச்சான் எதையும் கேட்காமல் ஒரு பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தார். விண்ணப்பம் இன்னும் குழுவிடம்தான் இருக்கிறது. அவர் அதைத் திரும்பப் பெறவில்லை. எப்போது என்று போய்க் கேட்கவும் இல்லை.