எழுதித் தள்ளின கார்

சோமசேகரம் தன் படகை மயிலிட்டிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, உடைந்த ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்து வீட்டு வளவுக்குள் இறக்கியபோது, மூத்த மகனைத் தொலைத்த கவலையில் ஆளுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் வல்வெட்டித்துறை நினைத்தது. ஊரையும் குறை சொல்ல முடியாது. அறுபதை நெருங்கும் மனிதர். கடலில் எந்தக் காற்றுக்கும் படகைக் கரை சேர்ப்பார், கார் ஓட்டத் தெரியாது. அதுவும் வாங்கிய கார் இரண்டே கதவுள்ள, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்புக் கார். முன்பக்கம் நசுங்கி, ஒரு கண் இல்லாமல், லொறியில் படுத்த படுக்கையாக வந்தது.

மூத்தவன் சிவரூபன் வெளிநாட்டுக்கென்று புறப்பட்டு மூன்று வருடமாகிறது. ஏஜென்சிக்காரன் அவனை ரஷ்யாவுக்கு ஏற்றி, அங்கிருந்து காட்டு வழியாக ஐரோப்பாவுக்குள் விடுவதாகச் சொன்னான். "காட்டுக்கை நிக்கிறம் அம்மா. சரியான குளிர். பிறகு எடுக்கிறன்" என்று போனில் அவன் குரல் ஒருதரம் வந்தது. பிறகு எடுக்கவேயில்லை. செத்துவிட்டான் என்று அழுது தீர்க்கவும் வழியில்லை, இருக்கிறான் என்று ஆறியிருக்கவும் வழியில்லை. தாய் பத்மாசினி வெள்ளிக்கிழமைகளில் சந்நிதி முருகன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தாள். மற்ற நாட்களில் அவளுக்கு ஆரோடும் கதையில்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் கூட்டாளி நாகலிங்கம் சொன்னார், "என்ன சோமு, உன்ரை இளையவனும் பாஸ்போட்டைக் குடுத்திட்டானாமே?"

சோமசேகரம் தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். எழுந்து நேரே நெல்லியடிக்குப் போனார். இளையவன் சிவதர்ஷனுக்கு அங்கே ஒரு கராஜில் வேலை. காருக்கு அடியில் கிடந்தவனை வெளியே கூப்பிட்டுக் கேட்டார். அவன் மறைக்கவில்லை.

"ஓம், குடுத்தனான்."

"அதே ஏஜென்சியோ?"

"அதேதான்."

"உன்ரை அண்ணைக்கு நடந்தது போதாதோ தம்பி?"

அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். "நான் போகவேணும் அப்பா. ஏன் எதுக்கெண்டு கேக்காதேங்கோ" என்றான். அவ்வளவுதான். கோபித்தும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். மாமன்மாரைக் கொண்டும் சொல்லிப் பார்த்தார். தண்ணீருக்குள் பேசியது போல் எதுவும் அவனைச் சேரவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஒரு ஞாபகம் வந்தது. சில கிழமைகளுக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிவதர்ஷன் தானாகக் கதைத்தான். சுன்னாகத்தில் பஞ்சலிங்கத்தின் யார்டுக்கு ஒரு ஸ்போட்ஸ் கார் வந்திருக்கிறது, இப்படியான எஞ்சின், இப்படியான கியர் என்று சொல்லிக்கொண்டே போனான். தமையன் போனபின் அந்த முகத்தில் அவர் வெளிச்சம் கண்டது அன்று ஒருநாள்தான்.

பஞ்சலிங்கம் நேர்மையான வியாபாரி. காப்புறுதிக் கொம்பனிகள் கைவிட்ட வாகனங்களை ஏலத்தில் எடுத்துக் கழற்றி விற்பவர். சோமசேகரம் முழுக் காரையும் கேட்டதும் அவர் தயங்கினார்.

"அண்ணை, ஒளிக்காமல் சொல்லுறன். இது ஏ ஒன்பது றோட்டிலை லொறியோடை மோதினது. டோட்டல் லொஸ் எண்டு கொம்பனி எழுதித் தள்ளின வாகனம். பதிவுப் புத்தகத்திலையும் அது கிடக்கு. திருத்தினாலும் றோட்டிலை ஓட அனுமதி எடுக்க நாயாய் அலையவேணும். அலைஞ்சாலும் கிடைக்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

"இதிலை வந்த ஆள்?"

"தப்பீட்டார். ஆனால் இனிக் கார் பக்கமே வரமாட்டாராம்."

"திருத்த எவ்வளவு காலம் செல்லும்?"

"ஒரு வருசம் செல்லும். கூடவும் செல்லும்."

"அது நல்லது" என்றார் சோமசேகரம். பஞ்சலிங்கம் அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

கார் வளவுக்குள் இறங்கியதும் பத்மாசினி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "ஒரு பிள்ளையைத் துலைச்சிட்டு நிக்கிறம். மற்றது வெளிக்கிட்டு நிக்குது. இருந்த படகையும் வித்து, செத்த கார் ஒண்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறியள். நான் ஆரிட்டைச் சொல்லி அழ?" என்றாள்.

பின்னேரம் சிவதர்ஷன் வந்தான். வாசல் படலையில் சைக்கிளைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றான். பிறகு வந்து நசுங்கிய பொனட்டில் கையை வைத்தான்.

"ஆருக்கு இது?"

"உனக்குத்தான். நீ போறதெண்டால் போ, நான் மறிக்கேல்லை. இதை ஒருக்கால் ஓடப் பண்ணிப்போட்டுப் போ. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

அவன் தகப்பனைப் பார்த்தான். தன்னைக் கட்டிப்போடும் கயிறு அது என்று தெரியாமலா இருக்கும் அவனுக்கு. தெரிந்துகொண்டேதான் கையை எடுக்காமல் நின்றான். "சரி" என்றான் கடைசியில். "ஆனால் ஓடினால் போவன்."

அன்றுமுதல் கராஜ் வேலை முடிந்து வந்தால் காரடியில்தான் அவன் பாடு. சோமசேகரம் விடியப் பிறர் படகில் கூலிக்குப் போய்வந்து, பின்னேரங்களில் மகனுக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுத்தார். நசுங்கிய தகரத்தை அவன் தட்டித் தட்டி நிமிர்த்தும்போது, வாயில் ஏதோ பாட்டு வருவதைக் கேட்டார். பத்மாசினியும் கேட்டாள். ஒருநாள் அவளே தேத்தண்ணி ஊற்றிக் காரடிக்குக் கொண்டுவந்தாள். ஏஜென்சிக்காரன் முதலில் சொன்ன திகதி வந்து, கடந்து போனது. சிவதர்ஷன் போகவில்லை. அவனோடு போகவிருந்த சிநேகிதன் ஜெயதீபன் மட்டும் போனான்.

சோமசேகரம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஜெயதீபனின் வழியில் என்ன ஆகுமோ என்று பயந்தார்; கூடவே, ஏதேனும் ஆனால் தன் பிள்ளை மனம் மாறுவானே என்று ஒரு நினைப்பும் வந்து போனது. அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுத்தார்.

ஜெயதீபனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுகமாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்து, ஒரு கடைத்தெருவில் நின்று போனில் முகம் காட்டினான். சிவதர்ஷன் அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். அதன்பின் அவன் பாடவில்லை. வேலை மட்டும் இரண்டு மடங்கு வேகமாக நடந்தது. முன் கண்ணாடி வந்தது. எஞ்சின் உள்ளே இறங்கியது.

"வாற கிழமை ஸ்ராட் பண்ணிப் பாப்பம்" என்றான் ஒருநாள். தகப்பன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் சோமசேகரம் காருக்குள் புகுந்தார். எஞ்சினை ஆட்டிவைக்கும் கம்பியூட்டர்ப் பெட்டி எங்கே இருக்கிறதென்று மகனே காட்டியிருந்தான். "இது கிடைக்கிறது குதிரைக்கொம்பு அப்பா. இது இல்லாட்டில் இந்தக் கார் வெறும் தகரம்" என்று. அதைக் கழற்றி மீன்பைக்குள் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரைக்குப் போனார். சிறு வள்ளமொன்றில் கொஞ்சத் தூரம் துடுப்பு வலித்து, கடலடியில் பவளப் பாறையாய் முருகைக்கற்கள் கிடக்கும் இடத்தில் பையைத் தண்ணீருக்குள் விட்டார். சின்னச் சத்தம்தான் கேட்டது.

சிவதர்ஷன் அன்று பின்னேரமே கண்டுபிடித்தான். வளவெல்லாம் தேடினான், வேலியோரம் தேடினான், தாயிடம் கேட்டான். தகப்பனிடமும் கேட்டான். "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லி அவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். அவனுக்கு ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தது. முந்தைய நாள் பஞ்சலிங்கம் இந்தப் பக்கம் வந்தவர், காரைப் பார்த்துவிட்டு, "பெட்டியை மட்டும் குடுத்தாலும் எடுக்க ஆள் இருக்கு" என்று பகிடியாகச் சொன்னவர். அவன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் புறப்பட்டான்.

"இஞ்சாருங்கோ, கம்பியோடை போறான்" என்று பத்மாசினி கத்தினாள்.

சோமசேகரம் ஆட்டோ பிடித்துப் பின்னால் விரட்டினார். யார்டுக்குள் போய்ச் சேரும்போது பஞ்சலிங்கம் ஒரு பழைய வான் வண்டியில் முதுகு ஒட்டி நின்றார். மகனின் கை ஓங்கியிருந்தது.

"என்ரை பிள்ளையளாணை நான் எடுக்கேல்லைத் தம்பி" என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நான்தான் எடுத்தனான்" என்றார் சோமசேகரம்.

சிவதர்ஷன் திரும்பினான். கம்பி கையிலிருந்து மெல்ல இறங்கியது.

"எங்கை வைச்சிருக்கிறியள்?"

"கடலுக்கை போட்டிட்டன்."

அவன் தகப்பனை ஏசவில்லை. பஞ்சலிங்கத்தின் காலடியில் கம்பியை வைத்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றான். பிறகு மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டு றோட்டில் இறங்கி நடந்தான். சோமசேகரம் பின்னாலேயே நடந்தார். கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

அன்றிரவு அவன் பிந்தி வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் தகப்பனைக் கடந்து போய்ப் படுத்துவிட்டான். விடிந்ததும் சோமசேகரம் கரைக்குப் போனார். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கலங்கிக் கிடந்தது. உப்புத் தண்ணீர் குடித்த அந்தப் பெட்டி இனி ஒன்றுக்கும் உதவாது. படகு எஞ்சினோடு வாழ்ந்த மனிதருக்கு அது தெரியாதா? தெரிந்தும் சேர்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி நீந்தினார். மூழ்கினார். கல்லைத் தடவினார். மூச்சு முட்ட மேலே வந்தார். மறுபடியும் மூழ்கினார். ஒரு அலை அவரைத் தூக்கி முருகைக்கல்லில் உராய்த்தது. தோளிலிருந்து இரத்தம் போனது. எடுத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளை தன்னோடு கதைப்பான் என்ற ஒன்றைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். சிவதர்ஷன் ஓடிவந்து உடுத்த உடுப்போடு குதித்தான். தகப்பனின் அக்குளில் கைகொடுத்து இழுத்துவந்து மணலில் போட்டான். பத்மாசினி பின்னால் தலைமயிர் அவிழ ஓடிவந்தாள்.

"உங்களுக்கென்ன விசரோ அப்பா?"

"போகாதையடா" என்றார் அவர். இருமினார், தண்ணீர் வந்தது. "நீ பாரிசுக்குப் போய் உழைச்சு எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்."

சிவதர்ஷன் மணலில் இருந்துவிட்டான். அவன் இவ்வளவு நாளும் வாய்க்குள் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"ஆர் உழைக்கப் போறது? அண்ணையைத் தேடித்தான் போக நினைச்சனான். அதே ஏஜென்சி, அதே வழி. எந்தக் காட்டிலை விட்டவங்கள், கூடப் போனவங்கள் ஆர், ஒருத்தரும் இஞ்சை இருந்து கேட்டால் சொல்லினமில்லை. அங்கை போனால் ஆரும் ஒருத்தன் சொல்லுவான். இதைச் சொன்னால் அம்மா விடுவாவோ?"

சோமசேகரம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிமிடம் அவர் நெஞ்சில் வந்தது பெரும் பாவமான நினைப்பு: போகட்டும், மூத்தவனைக் கண்டுபிடித்து வரட்டும். அந்த ஆசை அவரைப் பிடித்து உலுப்பியது.

பத்மாசினிதான் கதைத்தாள். மகனின் ஈரத் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டியபடி, சத்தம் உயராமல் கேட்டாள்.

"அவனைத் தேட நீ போறாய். சரி. உன்னைத் தேட நான் ஆரை அனுப்பிறது, சொல்லு."

சிவதர்ஷன் தாயின் மடியில் முகத்தை வைத்துக் குழந்தைபோல் அழுதான். வலைக்காரர்கள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

பாஸ்போட்டைத் திருப்பி எடுக்கத் தகப்பனும் மகனுமாகப் பலதரம் அலைந்தார்கள். ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். கடைசியில் பத்மாசினி தானே போய், அவனுடைய ஏஜென்சிக் கந்தோரின் வாசலில் பாயை விரித்து இருந்தாள். ஆட்கள் கூடத் தொடங்கியதும் பாஸ்போட் வந்தது. கூடவே, சிவரூபனுடன் அனுப்பப்பட்ட இன்னும் சிலரின் ஊர்களையும் அவன் வாய்விட்டுச் சொன்னான். அதில் ஒருவனின் தாய், சண்டிலிப்பாயைச் சேர்ந்த பாலேஸ்வரி. அவளுக்கும் மகனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பத்மாசினி அவளைத் தேடிப் போன அன்று, இரண்டு தாய்மாரும் அவள் வீட்டு விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இப்போது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஏறாத அலுவலகப் படி இல்லை, சேர்ந்துதான் ஏறுகிறார்கள். சிவரூபனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

காரைப் பஞ்சலிங்கமே திரும்ப எடுப்பதாகச் சொன்னார். பிள்ளை கம்பியோடு வந்ததை அவர் மனதில் வைத்திருக்கவில்லை. அவருடைய லொறி பழுதாகிக் கிடந்ததால் ஒரு ட்ரக்டரை அனுப்பினார். கயிறு கட்டி இழுக்கவேண்டும், ஸ்ரியரிங் பிடிக்க உள்ளே ஒரு ஆள் இருக்கவேண்டும். சிவதர்ஷன் ஏறினான். சோமசேகரம் சற்று நின்றுவிட்டு மற்றப் பக்கக் கதவைத் திறந்து தானும் ஏறினார். அவ்வளவு தாழ்வான இருக்கையில் அவர் அதுவரை இருந்ததில்லை. முன் கண்ணாடி வழியே ட்ரக்டரின் சில்லு மட்டும் தெரிந்தது.

ட்ரக்டர் ஊரெழுப் பக்கம் வந்தது. எஞ்சின் இல்லாத சத்தத்தில், றோட்டுக் கல்லெல்லாம் காலுக்கடியில் கேட்டது. புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படியொரு சிவப்பு அந்த றோட்டில் போனதில்லை.

"வடிவாத்தான் பெயின்ற் அடிச்சிருக்கிறாய்" என்றார் சோமசேகரம்.

"ம்."

ட்ரக்டர் சந்தியில் மெதுவாகியது. கயிறு தளர்ந்து, கார் தானாக முன்னே உருண்டது. சோமசேகரத்தின் கை பதறிப்போய் மகனின் தொடையைப் பிடித்தது.

"பயப்பிடாதேங்கோ அப்பா" என்றான் அவன். "பிறேக் பிடிக்குது."

காலால் அமத்தினான். கார் நின்றது. அவர் கையை எடுக்கவில்லை.