வெங்கலம்

வெண்கலக் குரல் என்று எல்லா ஊரிலும்தான் சொல்வார்கள். ஆமத்தூரில் அது ஓர் ஆளின் பெயர். மாடத்தி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். வெங்கலம் வீடு என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

பெயர் வந்தது அவள் கல்யாணத்தன்று. சீர்வரிசையில் வந்த வெண்கலப் பானையில் விரிசல் இருக்கிறதா என்று மாமனார் ராக்கப்பன் விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே புதுப்பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மனிதர் பானையை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"பானை கெடக்கட்டும்லே. நல்ல வெங்கலம் உள்ள இருக்கு" என்றார்.

அவரும் போனார், புருசனும் போனான். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் பல வருசம் அலுமினியப் பவுடர் சலித்தவளை, அந்தத் தொண்டைக்காகவே மேஸ்திரி கோட்டைச்சாமி காவலுக்கு மாற்றினார். களத்தில் காயும் திரியைப் பார்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும். புகை கண்டால் ஒரு சத்தம் போட வேண்டும், அம்புட்டுதான். எதிர் அறையில் மகள் வள்ளித்தாய் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருப்பாள்.

மார்கழியில் தொண்டை கம்மியது. சளிதானே என்று சுக்கும் மிளகும் தட்டிக் குடித்தாள். பங்குனி பிறந்தும் வெறும் காற்றுதான் வந்தது. பாழாய்ப்போன பவுடர் தின்று தீர்த்திருந்தது.

"மேஸ்திரிகிட்டச் சொல்லிருவோம்மா" என்றாள் வள்ளித்தாய்.

"சொன்னா மறுபடி சலிக்க விடுவாக, இல்ல வீட்டுக்கு அனுப்பிருவாக. ஒன் கல்யாணம் முடியட்டும்த்தா" என்று மாடத்தி அவள் காதோடு சொன்னாள்.

"என்ன வெங்கலம், சத்தத்தையே காணோம்?" என்று கோட்டைச்சாமி கேட்கும்போதெல்லாம் வாயில் அடக்கிய வெற்றிலையைக் காட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

சித்திரை வெயிலில் ஒருநாள், மகளின் அறைச் சுவரோரம் கிடந்த திரியில் புகை கிளம்பியது. வள்ளித்தாய் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மாடத்தி எழுந்து வயிற்றை எக்கி மகளைக் கூப்பிட்டாள். அடுப்பு ஊதியதுபோல ஒரு மூச்சு வந்தது. ஐயோ, அந்த மூச்சு அவள் காதுக்கே எட்டவில்லை. ஓடினாள். களத்தில் பாதி தாண்டுவதற்குள் அறை வெடித்துவிட்டது.

கேத வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஊரில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவள் மாடத்திதான். அதனால் யாரும் தொடங்காமல் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

அடுத்த வீட்டுச் சின்னத்தாய் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "அழுதுரு வெங்கலம். உள்ளுக்குள்ள அடக்கி வைக்காத."

மாடத்தி வாயைத் திறந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. வீடு அமைதியாகவே இருந்தது.

"எப்பத்தா போச்சு?" என்றாள் சின்னத்தாய் மெதுவாக.

உதட்டை அசைத்துக் காட்டினாள் மாடத்தி. மார்கழி.

சின்னத்தாய் அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.